எங்கள் பலா மரத்தில் செய்த ஊஞ்சல்: ஐந்துக்கு நாலு

பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. ஆசாரியே வேண்டாம் என்றார். "சார், நானும் பையனும் ரெண்டே பேர். நீங்க எழுதி பத்துப் பேர் வந்து நின்னா, பதினோராவது ஆளா நானே ஓடிடுவேன்." பெங்களூரு லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு சந்து, தகரக் கூரை, வாசலில் ஒரு செக்கச் சிவந்த சுசுகி மொபெட். வேண்டுமென்றால் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் 1983 முதல் 2019 வரை எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவன். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் குறைதான் முதலில் கண்ணில் படும். வீட்டில் தோசையைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன் என்று என் மனைவி சொல்வாள். ஆகவே இந்த விமர்சனத்தில் ஸ்கேலும், இடுக்கின் அகலம் அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருள்: ஊஞ்சல் பலகை ஒன்று. ஐந்தரை அடி நீளம், 22 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கனம். கீழ்ச்சட்டங்களோடு சேர்த்து 26 கிலோ. மரம் எங்களுடையது. கூலி அவருடையது.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்லாமல் பலகையைப் பற்றிச் சொல்ல முடியாது.

எங்கள் வீடு அல்சூர். ஏரிக்கரையில் பலாத்தோப்பு இருந்ததால்தான் கன்னடத்தில் ஹலசூரு என்று பெயர் வந்தது என்பார்கள். ஹலசு என்றால் பலா. தோப்பை நாங்கள் பார்த்ததில்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மரம், அதுவும் யாரும் நடாத மரம். 1971இல் அப்பா ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து அரைப்பழம் வாங்கி வந்தார். அம்மா சுளையெடுத்துவிட்டுக் கழுவுநீரைக் கொல்லையில் கொட்டியதில் ஒரு கொட்டை முளைத்துவிட்டது. குடியாத்தத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், வாடகை வீடு. வீட்டுக்காரர் பிடுங்கச் சொல்லியிருந்தால் பிடுங்கியிருப்போம். அவர் கவனிக்கவில்லை. பிறகு அந்த வீட்டையே அப்பா வாங்கினார். மரமும் விலையில் அடக்கம்.

எட்டாவது வருஷம் காய்த்தது. தெருவே எதிர்பார்த்தது. வெட்டிப் பார்த்தால் கூழன். வருக்கை மாதிரி கடித்தால் நறுக்கென்று உடையாது. வழவழவென்று தொண்டையில் தானாக இறங்கிவிடும். என் தங்கை அழுதுவிட்டாள். உறவுக்காரர்களுக்குக் கொடுக்கும்போது "கொஞ்சம் பழுத்துப்போச்சு" என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் பொய் சொன்னாள். பக்கத்து வீட்டு மங்களூரு அம்மா மட்டும் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தது போல வாங்கிக்கொண்டு போவார். அரிசி ரவையும் வெல்லமும் சேர்த்துக் கடுபு அவிக்க இந்தக் கூழ்ப்பழம்தான் வாகு என்பார். இலையையும் விடமாட்டார். நாலு இலையை ஈர்க்குச்சியால் தைத்துக் கிண்ணமாக்கி, அதற்குள் மாவை ஊற்றி அவித்துக் கொண்டுவந்து கொடுப்பார். பலா இலையின் மணம் இட்லிக்குள் ஏறியிருக்கும். எங்கள் மரத்தை அதன் சொந்தக்காரர்களைவிட அவர்தான் புரிந்துவைத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

ஏரிக்கருகில் திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறந்தார்களே, அன்றைக்கு வேலூரிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பதினாலு பேர் எங்கள் வீட்டில் இறங்கினார்கள். அந்தப் பருவத்தின் கடைசிப் பழம் அன்று வெட்டப்பட்டது. கையில் நல்லெண்ணெய் தடவாமல் கத்தியைப் பிடித்த என் மாமா, பிசின் ஒட்டிய விரல்களோடு சிலை பார்க்கப் போனார். திரும்பி வந்தும் பிசின் போகவில்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். 1998இல் ஒரு மாருதி 800 வாங்கினேன். நிறுத்த இடம் வேண்டுமே. வாசல் முழுக்கக் கான்கிரீட் போட்டேன். மரத்தைச் சுற்றி ஒரு அடிக்கும் குறைவாகத்தான் மண் விட்டேன். தரை சாய்வைக்கூட நானே மட்டம் பார்த்தேன். தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் மரத்துப் பக்கம் ஓடும்படி வைத்தேன். அதை அன்றைக்குப் பெருமையாக எல்லோரிடமும் சொன்னவன் நான். வேரடியில் தண்ணீர் தேங்கினால் பலாவுக்கு ஆகாது. இது எனக்குத் தெரியவந்தது 2022 மே மாதம், பெங்களூரு பாதி தண்ணீரில் நின்ற அந்தக் கோடை மழை ராத்திரியில். இடி என்று நினைத்தோம். காலையில் கதவைத் திறந்தால் மரம் தெருவுக்குக் குறுக்கே கிடக்கிறது. காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுப் பக்கத்து வேர்களில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போனது.

மரத்தை அகற்ற ஆட்கள் வந்து இயந்திர வாளால் இரண்டு இரண்டு அடியாகத் துண்டு போட ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தெரு அடைந்து கிடந்தது, பள்ளிக்கூட வேன் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கிளைகள் போயின, மேல்மரம் போனது. அடிமரத்துக்கு வாள் வந்தபோது நான் லுங்கியோடு போய் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். "எத்தேளி சார், எத்தேளி" என்று ஒருவர் கையைப் பிடித்தார். எழுந்திருக்கவில்லை. அம்மா வாசலிலிருந்து, "டேய், காப்பி ஆறுது, உள்ள வாடா" என்றாள். கடைசியில் ஐந்நூறு ரூபாய் கொடுத்து, ஏழடித் துண்டு ஒன்றை உருட்டி வாசலில் போட வைத்தேன். சுற்றளவு 66 அங்குலம். அவ்வளவுதான் மிச்சம்.

மைசூர் ரோடு டிம்பர் யார்டுப் பக்கம் ஒரு மில்லில் அறுக்கக் கொடுத்தேன். முதல் அறுப்பில் உள்ளே தெரிந்த நிறத்தைப் பார்த்து லாரிக்காரரே போனை எடுத்துவிட்டார். அரைத்த மஞ்சளை அப்பின மாதிரி. புத்த பிட்சுக்களின் ஆடைக்கு இந்த மரத்தூளைக் காய்ச்சித்தான் சாயம் ஏற்றினார்கள் என்பதை அப்போது நம்ப முடிந்தது. மூன்றாவது அறுப்பில் கீச்சென்று ஒரு சத்தம், தீப்பொறி. பிளேடு போயிற்று.

கொக்கி. துணிக்கொடி கட்ட 1979இல் அப்பா அடித்த இரும்புக் கொக்கி. மரம் உயர்ந்தாலும் கொக்கி உயரவில்லை, அடித்த உயரத்திலேயே இருந்துகொண்டு மெல்ல மெல்ல உள்ளே போய்விட்டது. தொண்ணூறுகளில் பட்டையில் ஒரு தொப்புள் மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. நானும் மறந்துவிட்டேன். மில்காரரிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். எண்ணூறு ரூபாய் பிளேடுக்குத் தண்டம் கட்டினேன். அளந்து பார்த்தேன்: பட்டையிலிருந்து ஐந்து அங்குலம் உள்ளே. இரும்பைச் சுற்றி மரம் நீலங்கருப்பாக மாறி, இழை போகும் திசையில் ஏழு அங்குலத்துக்கு வால் நீட்டியிருந்தது, ஒரு பெரிய தலைப்பிரட்டை மாதிரி. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சுவார்களே, அதே சங்கதிதான். மரச்சாறும் இரும்பும் நாற்பது வருஷம் சேர்ந்து காய்ச்சிய மை.

அறுத்த பலகை அப்படியே வேலைக்கு ஆகாது, காய வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. மாடிப்படிக்குக் கீழே நிழலில், இரண்டடிக்கு ஒரு இடைக்கட்டை வைத்து அடுக்கினேன். மேலே ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தேன். ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்றும் வாங்கினேன். மனைவி அதை வைத்துப் பருப்பு டப்பாவைச் சோதித்தாள். இதிலும் ஒரு தப்பு: அறுத்த அன்றே பலகையின் இரு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ அடித்திருக்க வேண்டும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், அங்கேதான் வெடிக்கும். நான் பத்து நாள் கழித்து வாசல் கேட்டுக்கு வாங்கிய பச்சைப் பெயிண்டை அடித்தேன். அதற்குள் வெடிப்பு உள்ளே போய்விட்டது. ஏழடியில் ஒன்றரை அடி அப்படித்தான் போனது. முதலில் மீட்டரின் அளவையே தாண்டிய ஈரம். 2024 ஏப்ரலில் 12 சதவீதம்.

இரண்டு பெரிய கடைகளில் கேட்டேன். "பலாவா? தேக்கில் பண்ணிக்கோங்க சார்" என்றார்கள். மூன்றாவதாகத்தான் இந்த ஆசாரி. தருமபுரிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். பலகையை விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதை வைத்தார்.

"வீணைக்கு ஆகுற மரம் சார். மீதித் துண்டெல்லாம் எங்க?"

"ரெண்டடி ரெண்டடியா வெட்டி எடுத்துட்டுப் போய்ட்டாங்க."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ரெண்டடிதான் சார் மிருதங்கக் கட்டை" என்றார்.

அது எந்த அடுப்பில் எரிந்ததோ.

வேலையைச் சொல்கிறேன். இருபுறமும் வெளிர் நிறத்தில் இருந்த வெள்ளையை முழுக்கச் சீவித் தள்ளினார். பூச்சி முதலில் அங்கேதான் வரும். வைரம் பாய்ந்த நடுப்பகுதி மட்டும் 11 அங்குலமாக இரண்டு பலகை. ஒன்றில் பள்ளம், ஒன்றில் நாக்கு, நடுவில் பசை. அறுத்த வரிசை மாறாமல் பக்கத்துப் பக்கத்துப் பலகையையே சேர்த்ததால் வரிகள் இங்கிருந்து அங்கே தொடர்கின்றன. இணைப்பு எங்கே என்று வெறுங்கண்ணால் கண்டுபிடிக்க எனக்கே இரண்டு நிமிஷம் ஆனது. அடிப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்று சாக்பீஸில் குறித்து வைத்திருந்தார். எதற்கென்று கேட்டால், "தெரிஞ்சிருக்கணும் இல்ல சார்" என்பதோடு முடித்துக்கொண்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது கீழ்ச்சட்டம். பலகை வளையாமல் இருக்கக் குறுக்கே மூன்று சட்டங்கள். அவற்றில் ஸ்க்ரூ போகும் ஓட்டையை வட்டமாகப் போடாமல், நடு ஓட்டையைத் தவிர மற்றதையெல்லாம் நீளவாக்கில் போட்டிருக்கிறார். மழைக்காலத்தில் பலகை அகலத்தில் பெருக்கும், கோடையில் சுருங்கும். ஸ்க்ரூ அதோடு நகர இடம் வேண்டும். இதைச் செய்யாமல் இறுக்கிவிட்டுப் பிளந்த மேசைகளை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். நான் கேட்காமலே செய்திருந்தார். இதற்காகவே ஒரு நட்சத்திரம்.

பளபளவென்று பாலிஷ் போடுகிறேன் என்றார். வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் மட்டும் போதும் என்றேன். மூன்று தடவை தேய்த்தார். தேய்த்த துணிகளைக் கசக்கிப் போடாமல், ஒவ்வொன்றாக விரித்துக் கம்பியில் உலர்த்தினார் பையன். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும். சின்னப் பட்டறையில் இந்த ஒழுங்கு இருந்தது எனக்கு ஆச்சரியம்.

இனி குறைகள். இருபது நாளில் தருகிறேன் என்றவர் 61 நாள் எடுத்தார். போன் எடுக்க மாட்டார். எடுத்தால், "இப்பதான் சார் உங்க பலகையைத்தான் கையில வெச்சிருக்கேன்" என்பார். பின்னால் பஸ் சத்தம் கேட்கும். ஜூலை நடுவில் வேலை முடிந்தபோது ஆடி பிறந்துவிட்டது. "ஆடியில ஊஞ்சல் மாட்டுவியா? உங்கப்பா இருந்தா பேசுவாரா இப்படி?" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். ஒரு மாதம் பலகை சுவரில் சாய்ந்து கிடந்தது. அவர் தாமதம் ஒன்று, நம் பஞ்சாங்கம் ஒன்று.

ஆவணியில் மாட்டினோம். கூரைக் கொக்கிகளில் தலா இரண்டு சிமெண்ட் மூட்டை, ஆக 200 கிலோ, ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் அம்மாவை உட்கார விட்டேன். அவளுக்கு 88 வயது, 41 கிலோ.

ஓராண்டு உபயோக அறிக்கை. முதல் மார்ச்சில் ஒரு முனையில் இணைப்பு மயிரிழையாக விட்டது. 0.2 மில்லிமீட்டர் கேஜ் இரண்டு அங்குலம் உள்ளே போனது. போட்டோ எடுத்து அனுப்பினேன். இந்தத் தடவை மறுநாளே வந்தார், காசு வாங்கவில்லை, பசையும் போடவில்லை. "மழை வரட்டும் சார். மூடிக்கும். மூடலைன்னா கூப்பிடுங்க." ஆகஸ்டில் கேஜ் நுழையவில்லை. சங்கிலி மட்டும் கீச்சிடுகிறது. அது சிக்பேட்டையில் நானே வாங்கிய பித்தளை, அதில் அவர் குற்றம் இல்லை.

நிறம் மாறிவிட்டது. மஞ்சள் போய் இப்போது தேன் நிறம், ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் கருத்து. வெளிச்சம் பட்டால் பலா அப்படித்தான் மாறும். அம்மா மத்தியானத்தில் தலை சாய்க்கும் மூலையில் எப்போதும் ஒரு தலையணை கிடக்கும். தீபாவளிக்கு உறை மாற்ற அதை எடுத்தபோது அடியில் சதுரமாக, மரம் அறுத்த அன்றிருந்த அதே மஞ்சள். தலையணையை நகர்த்தி நகர்த்தி வைத்தால் சமமாகிவிடும் என்றேன். "உனக்கு வேற வேலை இல்ல" என்றாள். தலையணை அங்கேயேதான் இருக்கிறது.

செலவு: வண்டி 2,500, அறுப்புக் கூலி 3,200, பிளேடு 800, ஆசாரி கூலி 18,500, சங்கிலி 14,000. ஆக 39,000. நான் பார்த்த கடையில் தயாராக நின்ற தேக்கு ஊஞ்சல், சங்கிலியோடு 42,000. வீட்டு மரம் இருக்கிறது, மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது தாமதத்துக்காக இல்லை. அந்தக் கருப்புக் கறைக்காக. கொக்கி இருந்த பலகையைத்தான் ஒரு பாதியாகப் போட வேண்டும் என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். போட்டிருக்கிறார். ஆனால் கறையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிட்டார். மாட்டின அன்றுதான் பார்த்தேன். சட்டமெல்லாம் அடித்தாகிவிட்டது, திருப்ப வழியில்லை.

"என்னங்க ஆசாரி, அது மேல வரணும்னுதானே கேட்டேன்?"

"பலகை வேணும்னீங்க, போட்டேன். கறையை யாராச்சும் மேல வெப்பாங்களா சார்? நாளைக்கு வீட்டுக்கு வர்றவங்க என்னைத்தான் கேப்பாங்க, எந்த ஆசாரிடா இதைச் செஞ்சான்னு."

பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் அந்தப் பலகையைச் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கழித்தே இருப்பேன். 36 வருஷம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். 'மேல்பக்கம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்காதது என் தப்பு.

இப்போது அதைப் பார்க்க வேண்டுமென்றால் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நடுச்சட்டத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் இடையில் தலைப்பிரட்டை முழுசாகத் தெரியும், அப்பாவின் கொக்கி இருந்த ஓட்டையோடு. நேற்றும் படுத்தேன். மேலே பலகை ஆடிக்கொண்டிருந்தது.

"என்னடா தேடற கீழ?"

"ஸ்க்ரூ டைட்டா இருக்கான்னு பாக்கறேம்மா."

"இத்தோட எத்தன தபா பாப்ப?" என்று காலைத் தரையில் ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினாள்.